பிரேக்கு வாத்தியாரின் கால்

அந்தப் பெயரை அவள் முதலில் கேட்டது தம்பி வாயால்தான். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன் திரும்பி வந்ததும், "அக்கா, அங்க ஒரு வாத்தியாரு, பேரே பிரேக்கு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பிரேக்குக்கே தன்னைக் கட்டிவைப்பார்கள் என்று அவள் கண்டாளா?

பெயர் சும்மா வரவில்லை. பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவர் வலது கால் தன் பாட்டுக்கு ஆடப் பழகிவிட்டது. மச்சினன் காரில் போனாலும் சரி, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் வெறும் தரையில் ஓங்கி ஒரு மிதி.

சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. வளர்ந்து ஆளான மகளுக்குத்தான் அது வினையாக வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை மகளுக்குக் கிடைத்த மாதிரிதான், லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. ஓட்டிக் காட்டும்போது அதிகாரி முன்னால் உட்காருவார், வாத்தியார் பின்சீட்டில் இருக்கவேண்டும். அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு இவரை விட்டால் வேறு வாத்தியார் கிடையாது. முதல் தடவை பின்னாலிருந்து 'தொம்' என்று அவர் மிதித்த சத்தம் கேட்டதும் மகள் பதறி நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள். பெயில். இன்னொரு தடவை தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

மகள் மறுபடி ஓட்டிக் காட்டக் கிளம்பிய அன்று, தாய்க்காரி தன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிய ஓட்டுறது உங்க பொண்ணா, உங்க காலா?"

"நான் என்ன வேணும்னா மிதிக்கிறேன்? அது தானா போகுதுடி."

"தானா போறதுக்கு அது என்ன அடுத்த வீட்டுக் காலா?"

அவர் குனிந்து தன் வலது காலை முறைத்துப் பார்த்தார்.

லைசென்ஸ் அலுவலக வாசல் பெஞ்சில் அவள் இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். கார் திரும்பி வந்தது. மகளும் அதிகாரியும் பின்கதவைத் திறந்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை இறக்கினார்கள். அவள் எழுந்து ஓடினாள்.

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, அப்பாவுக்குக் கால் மரத்துப்போச்சு." மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு காலையும் மடக்கி அதுமேலயே உக்காந்துட்டாரு. வழியில ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சு, நானே பிரேக் போட்டேன். பின்னால மூச்சுச் சத்தம்கூட இல்ல. நான் பாஸும்மா!"

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். "ரோடு என் கையில இல்ல, சைக்கிள்காரன் என் கையில இல்ல, இவ ஸ்டியரிங்கும் என் கையில இல்ல. யோசிச்சுப் பார்த்தா, என் காலு மட்டும்தான் என் கையில இருக்கு."

"இதக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா!" என்றாள் அவள். வாய் ஏசினாலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இப்போது புருஷனும் பெண்டாட்டியும் மகளோடு, அவள் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டில் இருக்கிறார்கள்.