தங்கையோடு பேசியது பற்றிய படிவம்

"உச்ச ரகசியங்களை அணுகும் தகுதி பெற்றவர், பகைநாடுகள் குறிவைக்கக்கூடியவர்" என்கிறது அவருடைய கோப்பின் முதல் பக்கம். கோப்புக்குரியவர் ரகசியங்களைக் காக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஏசிக்காரர். தோளில் ஏணி, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர், கையில் ஈரத்துணி. நாலாவது மாடிக்கு அவர் போனால் வாசலில் ஒரு மணி அடிக்கும். உள்ளே இருப்பவர்கள் மேசைமேல் உள்ள காகிதங்களைத் துணிபோட்டு மூடிவிடுவார்கள். ரகசியத்தைப் பார்க்கலாமென்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் பார்த்தது துணியைத்தான்.

தகுதி கிடைத்தது சுலபமாக. குடி இல்லை, கட்சி இல்லை, சிநேகிதர் என்று சொல்ல ஆளில்லை. நடுவில் ஒரு வரன் வந்தது. அலுவலகத்திலிருந்து பெண் வீட்டை விசாரிக்கப் போன இரண்டு பேர் மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அதோடு வரன் போயிற்று. 'மணமாகாதவர்' என்பது கோப்பில் மாறாமல் நின்றது. அதுவும் அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒரே இடைஞ்சல் தங்கை. கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். வெளிநாட்டில் இருப்பவரோடு பேசினால் மறுநாள் படிவம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. முதல் படிவத்தில் 'பேசிய விஷயம்' என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினார். இருபத்து மூன்று நிமிஷம் ஒன்றுமில்லாததையா பேசினீர்கள் என்று பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து ஒன்று விடாமல் எழுதினார்: முட்டிவலி, ஒழுகும் குழாய், மாப்பிள்ளையின் குறட்டை. தங்கைக்கும் இது தெரியும். "அண்ணா, மாமியாரைப் பத்தி இப்ப சொல்லப்போறதை மட்டும் கொட்டை எழுத்துல எழுது. அரசாங்கத்துக்கும் தெரியட்டும்" என்பாள்.

அதிகாரி அத்தனையும் படித்தார். வராந்தாவில் எதிர்ப்பட்டால், தங்கச்சிக்கு முட்டி தேவலையா என்று கேட்பார். ஏசிக்காரரின் குடும்பத்தைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் அவர்தான். விசாரிப்பது அவருக்கு உத்தியோகம்.

அந்த அதிகாரி ஓய்வுபெற்றார். புதிதாக வந்தவர் படிவங்களைப் படிக்கவில்லை, எண்ணிப் பார்த்தார்.

"வருஷத்துக்கு ஐம்பத்திரண்டா? உங்க தகுதியைப் புதுப்பிக்கிற நேரத்துல இடிக்கும். குறைச்சுக்குங்க."

புதுப்பிக்காவிட்டால் நாலாவது மாடி இல்லை. காவலில்லாத பின்கட்டடமும் அதன் மின்விசிறிகளும்தான். ஏசிக்காரருக்கு மனசு வரவில்லை. அவர் வந்தால் மணி அடிக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

தங்கையிடம் வேலை அதிகம் என்றார். அப்புறம் போனை எடுப்பதையே விட்டார். ஞாயிறு மத்தியானம் அது அடித்து ஓயும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். சில மாதத்தில் அடிப்பதும் நின்றது. இரண்டு வருடம் இப்படிப் போனபின் தகுதி புதுப்பிக்கப்பட்டது. 'வெளித்தொடர்பு இல்லை. மிகவும் திருப்தி.'

அந்தக் காகிதத்தை யாரிடமாவது காட்டவேண்டும்போல் இருந்தது. ரகசியக் காகிதம், காட்டக்கூடாது. காட்டலாமென்றாலும் அதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அடுத்த ஞாயிறு அவரே தங்கையைக் கூப்பிட்டார்.

"உயிரோடதான் இருக்கியா?" என்றாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"போன வருஷமே ஆபரேஷன் ஆச்சு. யார்கிட்ட சொல்றது?"

திங்கட்கிழமை, படிவத்தோடு பதினோரு பக்கம் சேர்த்து, மேலே தன் நாலாவது மாடி அடையாள அட்டையை வைத்து அதிகாரியிடம் நீட்டினார். அட்டையை யார் கேட்டார்கள் என்றார் அதிகாரி.

"இனிமே வாராவாரம் பேசுவேன் சார். உங்களுக்கு எண்ணுற வேலை மிச்சம்."

பின்கட்டடத்தில் மணி இல்லை. ஏணியோடு அவர் நுழைந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காகிதங்கள் திறந்தே கிடக்கின்றன. தங்கையோடு என்ன பேசினார் என்றும் யாரும் கேட்பதில்லை.

ரகசியம் எதுவும் அவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஏசி ஃபில்டர்களைக் கழுவினார். தங்கையோடு பேசினார், பேசியதை எழுதிக் கொடுத்தார், இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். பிறகு போன் செய்தார்.