எட்டு வயருக்காக நான் செய்த ஜெபம்

1997-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் என் மகன் ஜெயராஜுக்கு வேலை போயிற்று. அருப்புக்கோட்டையில் ஒரு சாயப்பட்டறையில், சாயம் ஏறிய நூல் சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, நிறவாரியாகக் கட்டி அனுப்பும் வேலை அவனுக்கு. ஒன்பது வருஷம் பார்த்தான். அன்றைக்கு மழைச்சாரலில், நிறத்தின் பெயர் எழுதிச் சிட்டத்தில் கட்டியிருந்த சீட்டுகள் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது. அரக்குச் சிட்டத்தோடு பச்சைச் சிட்டத்தையும் சேர்த்துக் கட்டி லோடு ஏற்றிவிட்டான்.

"பச்சைக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் சாயப்பட்டறைக்கு எதுக்குடா வந்தே?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அன்றைக்கே கணக்கை முடித்து இவனை அனுப்பிவிட்டார்.

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவனுக்கு உண்மையாகவே அந்த வித்தியாசம் தெரியாது. ஆறு வயதில் மிளகாய்ப் பழம் பறித்து வரச் சொன்னால் பச்சை மிளகாயும் சேர்த்துப் பறித்து வருவான். என் தம்பிக்கும் இதே குறை. மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். இதற்கு மருந்து இல்லை, தாய் வழியாக வருவது என்றார். என் வழியாக வந்தது என்று அன்றைக்கே என் நெஞ்சில் முள் ஏறிவிட்டது. வெளியே சொன்னால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தேன். அவனையும் யாரிடமும் சொல்ல விடவில்லை. என் மருமகள் லீலா வந்து நாலு வருஷம் ஆகியும் அவளிடம் சொல்லவில்லை. சபையில் ஜெபக்குறிப்பு கேட்கும்போதுகூட, "மகனுக்கு நல்ல சுகம் வேணும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று மாதம் அவன் வீட்டிலேயே கிடந்தான். சாப்பாடு இறங்கவில்லை. லீலாதான் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தாள். மதுரையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிப்பு. பல கம்ப்யூட்டர்களை வயர் போட்டு ஒன்றோடொன்று பேச வைக்கிற வேலையாம். முடிவில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பரீட்சை எழுதித் தேறினால் சர்டிபிகேட் கிடைக்கும்.

"கம்ப்யூட்டர்ல கலர் பாக்குற சோலியே இல்லம்மா. எல்லாம் எழுத்தும் நம்பரும்தான்" என்று என் காதில் மெதுவாகச் சொன்னான். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

தினமும் விடியற்காலை பஸ் ஏறிக் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போய் வந்தான். இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தான். இருபத்தொன்பது வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆனான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவன் படிப்பதைப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நாலாவது மாதம் ஒரு நாள் கையில் வயர்த் துண்டுகளோடு வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேல்தோலை உரித்துக் காட்டினான். உள்ளே எட்டு வயர். இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், ப்ரவுன். ஜோடியில் ஒன்று முழு நிறம், மற்றது அதே நிறத்தில் கோடு போட்ட வெள்ளை. அவற்றை நிற வரிசைப்படி அடுக்கி முனையில் ஒரு சின்னப் பிளக்கில் பூட்ட வேண்டுமாம்.

"நீலம் மட்டும் தெரியுதும்மா. மத்த மூணும் எனக்கு ஒரே மண்ணு நிறம். வர்ற வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஆளுக்கு ஒரு வயர் பூட்டச் சொல்லுவாரு. பூட்டலேன்னா பரீட்சைக்கு அனுப்ப மாட்டாரு. இனிமே நான் போகலம்மா."

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அவன் கண்ணைத் திறந்துவிடும்" என்பதே என் ஜெபம். கண் திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் என் மனதில் ஒன்று குத்தியது. குறையை ஊருக்கெல்லாம் மூடி வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் மட்டும் திறக்கக் கேட்கிறாயே என்று. எழுந்து போய் லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"அத்தை, கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும். பச்சைச் சேலை கட்டிக்கிட்டு நின்னேன். 'இந்தச் செவப்பு உனக்கு எடுப்பா இருக்கு'ன்னாக. நீங்க மனசு கஷ்டப்படுவீகன்னு நான்தான் வாயத் தொறக்கல."

"அடி பாதகத்தி, நாலு வருசமாவா?"

"நீங்க மட்டும் என்னவாம்?"

இரண்டு பேரும் அழுதும் சிரித்தும் முழங்கால் போட்டோம். நான் வாய்விட்டு ஜெபித்தது அதுதான் முதல் தடவை. அவன் போட்டுவிட்டுப் போன வயர்த் துண்டு என் கையில் இருந்தது. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது என் விரல் அதைத் தடவிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் தறிக்காரர்களுக்கு நூல் முறுக்கிக் கொடுத்த விரல். அதற்கு ஏதோ தட்டுப்பட்டது.

"லீலா, இந்த ஜோடி முறுக்கு கூட. இது கொஞ்சம் கம்மி. இது இன்னும் தொளதொளன்னு கெடக்கு. மிஷினு கோளாறா?"

அவள் பார்த்து நிறம் சொன்னாள். முறுக்கு அதிகமானது பச்சை. அடுத்தது ஆரஞ்சு. தளர்ந்தது ப்ரவுன். இன்னொரு துண்டை உரித்தோம். அதிலும் அப்படியே! ஒரு சாண் நீளம் உரித்து முறுக்கை எண்ணினால் தப்பவே இல்லை.

கடைக்குப் போயிருந்தவன் வந்ததும் லீலா அவனை உட்கார வைத்து, நீல ஜோடியை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கையில் கொடுத்தாள். "கண்ண மூடுங்க. பச்சைக்கு முறுக்கு கூட, ஆரஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி, ப்ரவுனுக்கு ரொம்பக் கம்மி. எது எதுன்னு தடவிச் சொல்லுங்க."

அவன் தடவினான். ரொம்ப நேரம் தடவினான். "பச்சை... ஆரஞ்சு... இது ப்ரவுன்" என்றான். கண்ணைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்தவன் அப்படியே என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜோடிக்குள் கோடு போட்ட வெள்ளை எது, முழு நிறம் எது என்பது அவனுக்கு எப்போதும் தெரியும். ஜோடிகளைப் பிரிப்பதுதான் தெரியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையைத் தொடுமுன் மாஸ்டரிடம் தன் கண்ணைப் பற்றித் தானே சொல்லியிருக்கிறான். பிறகு தடவித் தடவிப் பூட்டினான். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "இத்தனை வருசமா இந்த வயரைப் பாக்குறேன் ஜெயராஜ், ஒரு நாளும் தொட்டுப் பாக்கலையே" என்றாராம் மாஸ்டர். வேறு கம்பெனி வயரில் முறுக்கு மாறலாம், ஒவ்வொரு புது ரோலையும் முதலில் யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுத் தொடங்கு என்றும் சொல்லிக் கொடுத்தார்.

1998 ஆவணியில் பரீட்சை. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்று நான் நினைத்திருக்க, அன்றைக்கு மத்தியானம் ரெண்டு மணி பஸ்ஸிலேயே தேறிய காகிதத்தோடு வந்து நின்றான்.

"பேப்பர் திருத்துறவுக மனசு இளகணும்னு காலையிலேருந்து ஜெபிச்சுக்கிட்டிருந்தேன்யா."

"திருத்துனது கம்ப்யூட்டரும்மா. அதுக்கு ஏது மனசு?"

"அப்ப என் ஜெபம் யாருக்குப் போச்சு?"

"எனக்குத்தாம்மா வந்துச்சு. பதறாம எழுதினேன்."

இப்போது மதுரையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வேலையில் இருக்கிறான். நேர்முகத் தேர்விலும் கண்ணைப் பற்றி மறைக்காமல் சொன்னான். இருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அவன் கண் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. நான் கண்ணைக் கேட்டேன். ஆண்டவரோ வழியைக் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

நானும் மாறினேன். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இப்போது எழுந்து நின்று வாய்விட்டு ஜெபிக்கிறேன். எழும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை எழுதவும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் என்னைப் போல் ஒரு தாய், பிள்ளையின் குறையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா, அதை ஆண்டவரிடம் சொல்லு. சொல்லிவிட்டு, உன் வீட்டில் உன் பக்கத்தில் இருப்பவளிடமும் சொல்லு. நான் இருபத்துமூன்று வருஷம் காத்திருந்தேன். நீ இன்றைக்கே சொல்லிவிடு.