டீச்சரம்மாவின் சித்திரை லீவு

சுண்ணக்கட்டி பிடித்திருந்த டீச்சரம்மாவின் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நுனி முதல் பாதிவரை தேயிலைக் கறை. எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாரோ தெரியாது, அது போகவில்லை. சித்திரை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் அது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தகரக் கூரை போட்ட ஒரே மண்டபத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நாங்கள் இருவர்தான் படிப்பித்துக்கொண்டிருந்தோம். சின்னப் பிள்ளைகள் அவருக்கு, பெரிய வகுப்பு எனக்கு. இப்போது என்னைப் பார்க்க வரும் இளம் ஆசிரியர்கள் சிலர், லீவை எப்படிப் பிரயோசனமாகக் கழிப்பது என்று கேட்கிறார்கள். ஏதோ பெரிய பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். எனக்கோ அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

நான் லீவைக் கழித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். வெயில் ஏறும்வரை கம்பளிக்குள் கிடப்பேன். பிறகு கொட்டகலைக் கடைத்தெருவில் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை. சலித்தால் கினிகத்தேனையில் அக்கா வீட்டில் நாலு நாள் விருந்து. பிள்ளைகளை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோன வாத்தியாருக்கு இதுகூட வேண்டாமா என்று அப்போது நினைத்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, முன்கோபம் வேறு.

அந்த வருஷம் என் வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். ஆனால் எட்டு மணிப் பள்ளிக்கு எட்டரைக்கு முன் வந்ததே இல்லை. கேட்டால், தம்பிக்குப் பால் கொடுக்க மலைக்குத் தூக்கிப் போனேன் என்பாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, அங்கே ஆயா பால் ஊற்றுகிறாள். அப்படியிருக்க எவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவாள்? பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். தாமதத்துக்கு வலது கையில் ஒரு அடி, பொய்க்கு இடது கையில் ஒரு அடி. நாள் தவறாமல் கொடுத்தேன். நான் கேட்குமுன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டப் பழகியிருந்தாள்.

லீவுக்கு இரண்டு நாள் முன்பு செய்தி வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் வரமாட்டாள், அம்மாவோடு வேலைக்குப் பேர் பதியப் போகிறார்கள் என்று. தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பிப் பள்ளிக்கு வருவது நடக்காத காரியம். எனக்கு வருத்தம்தான், ஆனால் தோளைக் குலுக்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போகும் நாளை எண்ணத் தொடங்கினேன். டீச்சரம்மா இரண்டு மாலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்வந்தார். அந்தப் பிள்ளையின் தாய் தண்ணீர் தூக்குவதும் அடுப்பு ஊதுவதுமாக இருந்தாளாம், எதற்கும் தலையை மட்டும் ஆட்டினாளாம்.

லீவின் முதல் திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், டீச்சரம்மா இடுப்பில் சாக்கும் முதுகில் இரவல் கூடையுமாகப் போய் நின்றார். கங்காணி முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம். தோட்டம் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? அடுத்த லீவுக்கு எனக்கும் செடி வெட்ட ஒரு கவ்வாத்துக் கத்தி வாங்கித் தருவீர்களா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "லயத்துல அந்தம்மாவுக்குப் பேச ஏதுங்க நேரம்? கொழுந்தெடுக்குற நெரையில பக்கத்துல நின்னாத்தான் வாய் தொறப்பாங்க" என்றார்.

முதல் நாளே வினை. டீச்சரம்மாவுக்குப் பேர் இல்லாததால், அவர் எடுத்த கொழுந்தையெல்லாம் அந்தத் தாயின் கூடையில்தான் போட்டார். அதில் பாதி முற்றிய இலை. நிறுவையில் கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, அந்தத் தாய்க்கு அரைப்பேர்தான் என்று சொல்லிவிட்டார். தன் தவறு என்று டீச்சரம்மா எவ்வளவோ மன்றாடியும் அவர் கேட்கவில்லை. நாள் முழுக்க உழைத்தவளுக்குப் பாதி நாள் கூலி போயிற்று. டீச்சரம்மா அன்று அறையில் அழுதது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. மறுநாள் இவர் போகமாட்டார் என்றே நினைத்தேன். போனார். அந்தத் தாய் ஒரு வார்த்தை திட்டாமல், இவர் விரலைப் பிடித்துக் கொழுந்தின்மேல் வைத்து எங்கே கிள்ளுவது என்று காட்டினாளாம்.

நான் கினிகத்தேனையிலிருந்து திரும்பிய அன்று மாலை டீச்சரம்மா என் வாசலில் வந்து நின்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு மேல்மலைக்கு வாருங்கள் என்றார். எதற்கு என்றேன். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

முனகிக்கொண்டே போனேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது, குறுக்குப் பாதையில் அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போனாள். இடுப்பில் குழந்தை. வேர்த்து விறுவிறுத்து ஏறினாள், என்னைப் பார்க்கவில்லை. மேலே சவுக்கு மரத்தடியில் தாய் குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். ஆயா ஊற்றும் பால் அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் கக்கிவிடும் என்றார் கூடையோடு பக்கத்தில் நின்ற டீச்சரம்மா. மேல்மலையிலிருந்து தாய் இறங்கிப் போய்வரக் கங்காணி விடமாட்டார். அதனால் மகள் தினம் சுமந்து வருகிறாள்.

பால் கொடுக்கும் இடம் என்பதால் நான் திரும்பி, தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி நின்றேன். முதுகுக்குப் பின்னால் தாயின் குரல் கேட்டது.

"படிப்பு வேணாம்னு நான் சொல்லலீங்கய்யா. அடி வாங்குனா, அதுகூடப் பரவாயில்ல. பொய்க்காரின்னு சொன்னீங்களே, அதத்தான் புள்ளையால தாங்க முடியல."

குழந்தை குடித்து முடித்தபின் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "நீ பொய் சொல்லல புள்ள. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். பள்ளிக்கு அனுப்புவீர்களா என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "பாப்போமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாய் நெரைக்குப் போய்விட்டாள்.

பள்ளி திறந்த அன்று எட்டு மணிக்கு வரவு எழுதும் இடாப்பை எடுத்தேன். அவள் பெயர் வந்தபோது அதைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். டீச்சரம்மா கறுத்த விரல்களால் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். இருவருமே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டேகால் ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று. நான் இடாப்பை மூடப் போனபோது, பனியில் நனைந்த பாவாடையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். பழக்கம் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

இடது கையை நீட்டவில்லை.

நான் மேசையைப் பிடித்தபடி நின்றேன். டீச்சரம்மா நடந்து போய், தன் விரல்களில் இருந்த சுண்ணக்கட்டியை அந்த உள்ளங்கையில் வைத்தார்.