மழைக்குப் பயந்து ஊற்றிய மருந்து

ஓடைப்பட்டியில் என் கணவர் கடைசியாக நட்டது திராட்சை. மண்ணிலுள்ள மணிச்சத்தை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் 'வேம்' பூஞ்சையைக் குழிதோறும் தன் கையாலேயே இட்டார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

அடைமழையில் வேர் அழுகிவிடுமோ என்று பயந்த என் கொழுந்தனார், தூரெல்லாம் பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டார். அப்புறம் கொடிகள் வளரவே இல்லை. இலைகள் கருஞ்சிவப்பாகி உதிர்ந்தன.

வந்து பார்த்த வேளாண் அலுவலர், "கெட்ட பூஞ்சையோட நல்லதும் செத்துப்போச்சும்மா" என்றார்.

கொழுந்தனார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "மருந்துக்கடையில மழைக்கு ஊத்தச் சொன்னாக மதினி. அண்ணன் வச்சதக் காப்பாத்தத்தானே ஊத்துனேன்" என்று அழுதார். திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது எந்த மருந்தானாலும் அலுவலரிடம் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறோம். வேமும் வாங்கி மறுபடி இட்டிருக்கிறோம். கொடிகள் துளிர்க்கலாம். ஆனால் என் கணவர் கையால் இட்டது போனது போனதுதான்.