அம்மாவின் கைக்கு அப்பா சொன்ன பலன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளிலும் நண்பர்களிலும் அரைவாசிப் பேராவது ஏதோ ஒரு நாள் எங்கள் அப்பாவிடம் கையை நீட்டியவர்கள்தான். முரசுமோட்டையில் "கை பாக்கிறவர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் எங்கள் வாசல் படலையைக் காட்டும். அப்பா சொன்னது அப்படியே பலித்தது என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். எதற்கு மன்னிப்பு என்பது போகப் போக விளங்கும்.

அப்பா தீவுப்பகுதியில் ஒரு சிறிய கிராமத்தில் பிறந்தவர். குடிதண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் ஊர் அது. குடியேற்றத் திட்டத்தில் அப்பப்பாவுக்கு இங்கே வயற்காணி கிடைத்து, குடும்பம் வன்னிக்கு வந்தபோது அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை. வாய்க்காலில் தண்ணீர் தன்பாட்டில் ஓடுவதைக் கண்டு, "இதை ஆர் இறைக்கினம்?" என்று கேட்டாராம். படிப்பில் கெட்டிக்காரர். அப்பப்பா நோயில் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கினார். கூடப் பிறந்தவர்களை ஆளாக்கிய பிறகுதான் அம்மாவைக் கைப்பிடித்தார். படிப்பு விட்டதே தவிரப் புத்தகம் விடவில்லை. தண்ணீர் இறைக்கும் மெசின் பழுதானால்கூட, மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அதைப் பற்றிய புத்தகம் எங்கே கிடைக்கும் என்றுதான் விசாரிப்பார்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, பரந்தனில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்த கைரேகைக்காரர் ஒருவர் அம்மாவின் இடக்கையைப் பார்த்து, "ஆயுள் ரேகை நடுவில அறுந்து கிடக்கு. நாப்பது தாண்டாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பிடித்தார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வருடக்கணக்காகக் குடியிருந்தது. அம்மா அழவில்லை. ஆயத்தம் செய்யத் தொடங்கினார். எட்டு வயதில் எனக்கு அடுப்பு மூட்டவும் சோறு வடிக்கவும் தம்பியைக் குளிப்பாட்டவும் பழக்கினார். என் தலையை இனி நானே இழுத்துப் பின்ன வேண்டும் என்றார். "நான் இல்லாட்டியும் உனக்குத் தெரியோணும்" என்பார். கூறைச் சேலையை எனக்கென்று அலுமாரியில் தனியே எடுத்து வைத்தார். வளவில் தென்னம்பிள்ளை வைப்போமா என்று அப்பா கேட்டால், "அது காய்க்கேக்க ஆர் இருக்கிறது?" என்பார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வரும். அது பயம் என்று அப்போது தெரியவில்லை.

அப்பா வாதாடிப் பார்த்தார். சரிவரவில்லை. "அப்ப நான் படிச்சுப் பாக்கிறன்" என்றவர், பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் மூன்று கைரேகைப் புத்தகங்கள் வாங்கி வந்தார். வயலால் வந்து குளித்துவிட்டுக் கதிரையை வெளியில் போட்டுக்கொண்டு இருப்பார். புத்தகத்தைப் பார்ப்பார், தன் கையைப் பார்ப்பார், திரும்பவும் புத்தகத்தைப் பார்ப்பார். ஒரு புத்தகம் வயதைப் பெருவிரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி எண்ணச் சொன்னது. மற்றது மணிக்கட்டிலிருந்து மேலே எண்ணச் சொன்னது. பெண்களுக்கு இடக்கை என்றது ஒன்று, இரண்டு கையும் என்றது இன்னொன்று. "மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காணாமல் எழுதியிருக்கினம்" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு சாத்திரம் பொய் என்று சொல்லிவிட அவருக்கு மனமில்லை. கையில் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும் என்றார்.

ஆயுள் ரேகையைச் சரிபார்ப்பதென்றால் ஆயுள் முடிந்த கை வேண்டும். அப்பா செத்தவீடுகளுக்குப் போகத் தொடங்கினார். ஊரில் எந்த ஆண் இறந்தாலும் உடலைக் குளிப்பாட்ட முன்னுக்கு நிற்பார். வலக்கையைக் கழுவும்போது மெல்ல விரித்துப் பார்ப்பார். அப்பாவின் சேவை மனப்பான்மையைப் பலர் இந்த மலரில் புகழ்ந்திருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் தொடங்கியது இப்படித்தான். பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் கடைசிவரை போனார்.

தொண்ணூறு வயதுக் கிழவருக்கு அரைவாசியில் நின்ற ரேகை. மரத்தால் விழுந்து இறந்த இளந்தாரிக்கு மணிக்கட்டுவரை வளைந்து போன ரேகை. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒருநாள் வந்து அம்மாவிடம் சொன்னார்:

"இஞ்சரும், நான் பாத்த கையளில சரிவந்ததும் இருக்கு, வராததும் இருக்கு. காசைச் சுண்டிப் போட்டாலும் இப்பிடித்தான் வரும்."

அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது ஆம்பிளையளின்ர வலக்கை. நீங்கள் ஒரு பொம்பிளையின்ர இடக்கையைப் பாத்தனீங்களே?"

பெண்களைக் குளிப்பாட்டும் இடத்துக்கு அவர் எப்படிப் போவது?

அதன் பிறகுதான் அவர் வழியை மாற்றினார். சாத்திரம் பிழை என்று சொல்லும், வயல் செய்கிற கமக்காரனை அம்மா நம்பப் போவதில்லை. கைரேகைக்காரன் சொன்னதை இன்னொரு கைரேகைக்காரன்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே அப்பா கைரேகைக்காரர் ஆனார். அரிவு வெட்ட வந்தவர்கள், மில்லில் நெல்லோடு காத்து நின்றவர்கள் எல்லாருடைய கையையும் பார்த்தார். உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துத் தொழில் சொன்னார். கலியாணத் தரகர் எந்தப் படலையில் சைக்கிளை நிறுத்தினார் என்று அறிந்துகொண்டு கலியாணம் சொன்னார். இளந்தாரிமாருக்கெல்லாம் கடல் கடப்பாய் என்றார். எங்கள் ஊர்களில் அது பலிக்காமல் இருக்குமா? ஆயுளை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. "மனுசனுக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்காது" என்று சனம் அதற்கும் சேர்த்து மதிப்புப் போட்டது. புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

ஒருநாள் பின்னேரம், கிணற்றடியில் பெண்கள் அப்பாவைப் பற்றிக் கதைத்ததைக் கேட்டுவிட்டு வந்த அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்து அப்பாவின் முன் நீட்டினார்.

"என்ர கையையும் ஒருக்காப் பாருங்கோவன்."

அப்பா எழுந்துபோய் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். நானும் தம்பியும் அசையாமல் நின்றோம்.

"ரேகை அறுந்ததுதான். அவன் சொன்னது பிழையில்லை. ஆனா உள்ளுக்க ஒரு துணை ரேகை ஓடுது, அதை அவன் கவனிக்கேல்ல. உமக்கு எண்பது."

"வடிவாப் பாத்தனீங்களே?"

"ஓம். எண்பதுக்கு ஒரு நாள் குறையாது."

அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, சீப்பை எடுத்து, என் தலையை இழுத்துப் பின்னிவிட்டார். அடுத்த மாரிக்கு வளவில் தென்னம்பிள்ளைகள் வைத்தோம். நாற்பது வயது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பின்னால் வந்த இடம்பெயர்வுகளில் அந்தத் தென்னைகளும் போயின, புத்தகங்களும் போயின. முகாமில் இருந்த காலத்தில், அப்பாவை அறிந்த தாய்மார் தேடி வந்து கையை நீட்டினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்பதே அவர்களின் கேள்வி. அப்பா அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "புத்தகம் துலைஞ்சு போச்சு, பிள்ளை. இனி எனக்குப் பாக்கத் தெரியாது" என்பார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கை பார்க்கவில்லை. ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்தபடி வயலைத் திருத்தி, மெல்ல மெல்ல வீட்டை எழுப்பினார். அந்த நாட்களில் ஒருநாள், நான் கேட்காமலே சொன்னார்: "அம்மாவின்ர கையில துணை ரேகையும் இல்லை, ஒண்டும் இல்லை. அவவுக்குச் சொல்லிப்போடாத." நானும் சொல்லவில்லை.

கடைசிக் காலத்தில் இருதய நோய் அவரைத் தளர்த்தியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிய அப்பாவை ஊர் ஆண்கள் குளிப்பாட்டினார்கள். அவர்களில் ஒருவர் பழைய கதை ஞாபகம் வந்து அப்பாவின் வலக்கையை விரிக்கப் போக, அம்மா அப்பால் நின்றபடியே, "விடு தம்பி, அதில பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வாயோடு கையைக் கழுவிவிடுவார். அப்பாவை இழந்த துக்கத்துக்குள் எங்களுக்கு இது பெரும் பயமாக இருந்தது.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், செய்தி கேட்டதும் ஓடி வந்து பந்தல் போட்டவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள், கிரியைகளை நடத்தித் தந்த ஐயா, தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்கள் யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைக் குளிப்பாட்டிய கைகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதென்றால் அம்மாவிடம் கேட்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் வாசித்துக் காட்டினேன். துணை ரேகை வந்த இடத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வாசி பிள்ளை. எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனாப் பிறகு அந்தப் புத்தகங்களை நானும்தானே வாசிக்கிறனான். துணை ரேகை எண்டு படம் போட்டுக் கிடந்தது. என்ர கையில தேடினனான். இல்லை."

"பிறகேன் அம்மா கையை நீட்டினீங்கள்?"

"என்ன சொல்லப் போறார் எண்டு பாக்கத்தான். பொய் சொல்லத் தெரியாத மனுசன். எனக்கு ஒரு பொய் சொல்ல எத்தினை வருசம் கிடந்து படிச்சவர்! அதுக்குப் பிறகும் நாப்பதில செத்து, அந்தாளின்ர பேரைக் கெடுக்கிறதே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "ஓம், அப்பிடியே எழுது" என்றார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார்.

"சோத்தைப் போடு பிள்ளை. எண்பதுக்கு இன்னும் கிடக்கு."