எந்தத் தரப்புச் சாட்சி

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் சொத்தை பொறுக்குபவர் ஜெயம். கணவர் இறந்ததிலிருந்து அவருக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடுவார், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார், பாடினார், காணிக்கை போட்டார். போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஜெபம் திரும்பி வந்தது.

அதைச் சபை நடுவே எழுந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஜெயத்தின் ஆசை. முன்பு அதற்கு வழி இருந்தது. பிரசங்கம் முடிந்ததும், "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்பார் போதகர் ஐயர். ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வதுதான் சாட்சி. காய்ச்சல் விட்டவர்கள், கோபம் விட்டவர்கள் எழுந்து சொல்வார்கள். சிலர் நீட்டுவார்கள், பிள்ளைகள் தூங்கிவிடும். கமிட்டித் தேர்தலில் சபை இரண்டாகி, வழக்கு விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனபின் அந்த நேரத்தை அறிவிப்புகள் எடுத்துக்கொண்டன. காம்பவுண்டு சுவர், ஜெனரேட்டர், அடுத்த வாய்தா.

ஒரு ஞாயிறு, வாய்தா அறிவிப்பு முடிந்ததும் ஜெயம் எழுந்தார்.

"நான் சாட்சி சொல்லணும்."

கோயில் அடங்கிப்போனது. செயலாளர் அன்புச்செல்வன் விறுவிறுவென்று வந்து குனிந்தார்.

"உக்காருக்கா. இங்க வாணாம், எதிர்த்தரப்பு கேட்டுக்கினு இருக்கு. வியாழக்கிழமை நானே கூட்டிக்கினு போறேன்."

சாட்சிக்கு வேறு இடம் ஏற்பாடாகியிருக்கிறது போலும் என்று நினைத்தார் ஜெயம். வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

விழுப்புரத்தில் அன்புச்செல்வன் தரப்பு வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. என்ன பாத்தீங்க?"

"பாக்கலைங்க. பஸ்சுல வந்துக்கினு இருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டி எடம் கெடைச்சுது, உக்காந்தேன். ரொம்ப நாளா ஜெபமே வராம இருந்துச்சு, அன்னிக்கு 'ஆண்டவரே'ன்னேன். யாரோ கேக்கற மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். சில்லறைக்குத்தான் அழுவுறேன்னு கண்டக்டர் பாக்கிய ஜல்தியா குடுத்துட்டாரு."

"கமிட்டித் தேர்தல்ல ஓட்டுப்பெட்டிய யாரு தூக்கினாங்கன்னு பாத்தீங்களா?"

"எந்தப் பெட்டிங்க?"

வக்கீல் பேனாவை மூடி அன்புச்செல்வனைப் பார்த்தார். "சார், அடுத்த தடவ எந்த சாட்சின்னு கேட்டுக்கினு கூட்டியாங்க."

படியிறங்கும்போதுதான் ஜெயத்துக்கு விளங்கியது.

"அப்ப கோயில்ல சொல்ல முடியாதா தம்பி?"

"கேஸ் முடியட்டும்க்கா."

திரும்பும் பஸ்சில் இருவருக்கும் ஒரே சீட், ஜன்னலோரம் ஜெயம். அன்புச்செல்வனின் போன் அடித்தது. சுவர் மேஸ்திரி. எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். விக்கிரவாண்டி தாண்டியது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஜெபம் வர்றதில்லக்கா. கண்ண மூடினா சுவரு, சிமெண்டு, வாய்தா. அதான் வருது."

ஜெயம் அவர் பக்கம் திரும்பினார்.

"அது எந்த பஸ்சுக்கா?"

"பஸ்சு ஞாபகம் இல்ல தம்பி. ஜன்னலோரம் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு ஜெயம் எழுந்து, அவரை உள்ளே நகர்ந்து உட்காரச் சொன்னார்.