நாற்பது நாள் மனிதர்

தவக்காலம் வந்தால் எனக்குக் கோபம் வரும். இந்தக் காலத்தில் கோபத்தை அடக்கவேண்டும் என்று பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொல்வார். அவர் என் வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

என் மனுசன் கடல்தொழில் செய்கிறவர். வருசம் முழுக்கக் குடிப்பார். ஆனால் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தாரென்றால், பிறகு நாற்பது நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். குருநகரில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பாதி ஆம்பிளைகள் அப்படித்தான். கிழிந்த வலை பொத்திக்கொண்டே, இன்னும் எத்தனை நாள் கிடக்குது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள்.

அந்த நாட்களில் எங்கள் வீடு வேறு வீடு. பொழுதுபட முழங்காலில் நின்று செபமாலை சொல்வோம். முடிந்ததும் ஆளுக்கொரு நன்றி சொல்லவேண்டும். அவர் தொடங்கிவைத்த பழக்கம் அது. கடல் அமைதியாக இருந்ததற்கு நன்றி என்பார். எட்டு வயது மகள், கணக்கு ரீச்சர் வராததற்கு நன்றி என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்த கையோடு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுசனுக்கு விட முடிகிறது! உடம்பு கேட்குது, ஏலாது என்று மற்ற நாட்களில் சொன்னதெல்லாம் பொய். யேசுவுக்காக விடலாம், எங்களுக்காக விட முடியாதாம்.

போன வருசம் நாற்பது நாளும் முடிந்த உயிர்த்த ஞாயிறு மத்தியானம் அவர் குடித்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை முற்றத்தில் எறிந்தபோது கட்டிலுக்குக் கீழே போன மகள், பொழுதுபடத்தான் வெளியே வந்தாள்.

இந்தமுறை நான் நம்பிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து நடந்து வரும்போது, "இனி அதைத் தொடுறேல்லை எண்டு நினைச்சிருக்கிறன்" என்று அவராகவே சொன்னார். வாயைத் திறந்தால் கெட்டுப்போய்விடும் என்று எனக்குப் பயம்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனியன்று வீடு கூட்ட, மூலையில் கிடந்த பழைய வலையைத் தூக்கினேன். உள்ளே பேப்பரில் சுற்றிய சாராயப் போத்தல். மூடி உடைக்கவில்லை. ஆண்டவர் உயிர்க்க முதலே போத்தல் வந்து காத்திருந்தது.

ஊற்றிவிடத்தான் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ஊற்றவில்லை. பொழுதுபட மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வந்து கண்டார். முழங்காலில் நின்றார். நான் செபமாலையைத் தொடங்கினேன். முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"இப்ப நன்றியைச் சொல்லுங்கோ. உதுக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றேன்.

"பிள்ளைக்கு முன்னாலை ஏனப்பா உப்பிடி..."

"பிள்ளைக்குத் தெரியாதெண்டே நினைக்கிறியள்?"

மகள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. போத்தலைப் பார்த்தாள். பிறகு கண்களை இறுக்கி மூடினாள்.

"யேசுவே, இவ்வளவு நாளும் அப்பா எங்களோடை சிரிச்சவர். அதுக்கு நன்றி. நாளைக்கு நீர் உயிர்க்க வேண்டாம்."

வேறு நாளென்றால் அந்த வாயில் ஒரு அடி போட்டிருப்பேன். அன்று நான் ஒழுங்கைக்கே கேட்கும்படி "ஆமென்" என்றேன்.